ஃப்ளூ தடுப்பூசியை ஐப்பசி மழைக்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள்

தமிழ்நாட்டில் ஃப்ளூ காய்ச்சல் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையோடு சேர்ந்தே பரவுகிறது. ஊசி போட்ட பிறகு உடலில் எதிர்ப்பாற்றல் உருவாக ஏறத்தாழ 2 வாரங்கள் ஆகும் என்பதால், செப்டம்பர் முடிவதற்குள் அதைப் போட்டுக்கொள்வதே நல்லது. தவறவிட்டவர்கள் மழை தொடங்கிய பின் போட்டாலும் பலன் உண்டு.

முதியவர்கள், சிறு குழந்தைகள், சர்க்கரை நோய், ஆஸ்துமா, இதய நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் ஆகியோர் இதைத் தள்ளிப்போடவே கூடாது. கர்ப்பிணிகள் எந்த மாதத்திலும் போட்டுக்கொள்ளலாம். 6 மாதம் நிறையும்வரை பச்சிளங்குழந்தைக்கு இந்த ஊசியைப் போட முடியாது என்பதால், தாயிடமிருந்து கிடைக்கும் எதிர்ப்பாற்றலே அதற்குக் காவல். 6 மாதம் முதல் 8 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு முதன்முறையாகப் போடும்போது 4 வார இடைவெளியில் 2 தவணை தேவைப்படும்.

தேசியத் தடுப்பூசி அட்டவணையில் இது இல்லாததால் பெரும்பாலோர் பணம் கொடுத்தே போட்டுக்கொள்கிறார்கள். வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால் தடுப்பூசியின் சேர்க்கையும் ஆண்டுதோறும் மறுபரிசீலனை செய்யப்படுகிறது. ஆகவே பெட்டியின் மேல் அச்சிட்டுள்ள பருவ ஆண்டையும் காலாவதித் தேதியையும் நீங்களே படித்துப் பாருங்கள்.

மருந்துக்கடையில் வாங்கி மருத்துவரிடம் கொண்டுபோகச் சொன்னால் கூடுதல் கவனம் வேண்டும். இம்மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டும். ஆனால் உறைந்துவிட்டால் வீணாகிவிடும். ஒருமுறை என் தாயாருக்காக வாங்கியபோது, கடைக்காரர் அதை ஐஸ் கட்டிகளுக்கு நடுவே வைத்துக் கட்டித் தந்தார். பிரித்துப் பார்த்தால் ஊசிக்குழலுக்குள் மருந்து உறைந்து கிடந்தது, செவிலியர் அதைப் போட மறுத்துவிட்டார். அதன் பிறகு ஊசிப் பெட்டியைத் துணியில் சுற்றி, ஐஸ் நேரடியாகப் படாதவாறு வைத்துத்தான் எடுத்துச் செல்கிறேன்.

முன்பு இந்த ஊசிக்குக் கடுமையான ஒவ்வாமை ஏற்பட்டிருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நல்ல காய்ச்சல் இருந்தால், அது தணியும்வரை காத்திருங்கள். மேற்கையில் போடுவார்கள் என்பதால் தளர்வான சட்டை அணிந்து செல்வது வசதி. போட்டவுடன் கிளம்பிவிடாமல் 15 நிமிடமாவது அங்கேயே அமர்ந்திருங்கள். ஓரிரு நாள் கைவலியும் இலேசான காய்ச்சலும் வரக்கூடும். வழக்கமாகப் போடப்படும் ஊசியில் உயிருள்ள வைரஸ் இல்லாததால் அதனால் ஃப்ளூ வராது. எல்லாச் சளியையும் இது தடுக்காது. ஆனால் ஃப்ளூவே தொற்றினாலும் நிமோனியா வரை முற்றி மருத்துவமனையில் சேரும் அபாயத்தைக் குறைக்கும். போட்ட தேதியை மருத்துவக் கோப்பில் குறித்து வையுங்கள், அடுத்த ஆண்டு மீண்டும் போட வேண்டும்.