தபால் வாக்கு: வெளிநாட்டில் இருக்கும் மலேசியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளிநாட்டிலிருந்து போடும் ஓட்டு வீணாவதற்குப் பெரும்பாலும் நேரம்தான் காரணம். வேட்புமனு நாள் முடிந்து வேட்பாளர்கள் யார் என்று உறுதியான பிறகுதான் வாக்குச்சீட்டு அச்சாகும். 2018 பொதுத் தேர்தலில் வேட்புமனு ஏப்ரல் 28, வாக்களிப்பு மே 9. இடையில் 11 நாள். 2022-இல் நவம்பர் 5, நவம்பர் 19. இடையில் 14 நாள். இதற்குள் உறை பினாங்கிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ கிளம்பி மெல்பர்னுக்கோ லண்டனுக்கோ போக வேண்டும். அங்கே நீங்களும் ஒரு சாட்சியும் கையெழுத்துப் போட்டு, அது திரும்பி வந்து, வாக்களிப்பு நாள் மாலை 5 மணிக்குள் தொகுதித் தேர்தல் அதிகாரியின் அலுவலகத்தில் சேர வேண்டும். அஞ்சல் முத்திரையில் என்ன தேதி இருக்கிறது என்பதற்கு இங்கே மதிப்பில்லை. ஐந்து மணிக்குப் பிறகு வந்த உறை எண்ணிக்கையில் சேராது.

அந்தப் பதினான்கு நாளை நீட்ட உங்களால் முடியாது. அதற்கு முன்பாகச் செய்யக்கூடியதை எல்லாம் முன்பே செய்து வைக்கலாம். பெரும்பாலானோர் சறுக்குவது அங்கேதான்.

தொகுதி எது என்று தெரியாமல் இருப்பது

2021 டிசம்பர் 15 முதல் 18 வயதானவர்கள் தானாகவே வாக்காளர் பட்டியலில் சேர்கிறார்கள். நல்லதுதான். ஆனால் எந்தத் தொகுதியில் சேர்கிறார்கள் என்பதை மைகார்டில், அதாவது அடையாள அட்டையில், உள்ள முகவரி முடிவு செய்கிறது. குடும்பம் பினாங்கின் பட்டர்வொர்த்திலிருந்து கோலாலம்பூரின் செந்தூலுக்கு மாறிப் பத்து வருடம் ஆகியிருக்கும். மைகார்டு இன்னும் பட்டர்வொர்த்தையே காட்டும். பிள்ளை மணிப்பாலில் மருத்துவம் படித்துக்கொண்டே பினாங்கு வாக்காளராகியிருப்பான், வீட்டில் யாருக்கும் தெரியாது.

இரண்டாவது குழப்பம் இன்னும் பரவலானது. தேசியப் பதிவிலாகாவில் முகவரி மாற்றினால் தொகுதியும் மாறிவிடும் என்று நினைக்கிறார்கள். மாறாது. தானியங்கிப் பதிவு முதல் முறைக்கு மட்டும்தான். அதன் பிறகு முகவரி மாற்றத்துக்கு எஸ்பிஆரிடம், அதாவது தேர்தல் ஆணையத்திடம், தனியாக விண்ணப்பிக்க வேண்டும். துணைப் பட்டியல் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டு, ஆட்சேபங்கள் முடிந்து, அரசிதழில் வெளியான பிறகே புதிய தொகுதி செல்லுபடியாகும். நாடாளுமன்றம் கலைந்த செய்தியைப் பார்த்துவிட்டு ஓடினால் அந்தத் தேர்தலுக்கு உதவாது. தீபாவளிக்கு வீட்டுக்கு வரும்போது பதிவிலாகா வேலையை முடித்துவிட்டு, அதே வாரத்தில் எஸ்பிஆர் விண்ணப்பத்தையும் போட்டுவிடுவது உத்தமம்.

இப்போதைய நாடாளுமன்றம் முதலில் கூடியது 2022 டிசம்பர் 19. முன்கூட்டியே கலைக்கப்படாவிட்டால் 2027 டிசம்பரில் தானாகக் கலையும். அதிலிருந்து 60 நாளுக்குள் தேர்தல். ஆகவே கடைசி நாளை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

போன தடவை விண்ணப்பித்தது போதும் என்று இருப்பது

வெளிநாட்டில் இருப்பவருக்கான விண்ணப்பம் போராங் 1பி, அதாவது 1பி படிவம். ஒரு தேர்தலுக்குப் போட்டது அந்தத் தேர்தலோடு முடிந்தது. பினாங்கு வாக்காளர்களுக்கு இது கூடுதல் தலைவலி. 2022 நவம்பரில் அவர்கள் நாடாளுமன்றத்துக்கு மட்டும் வாக்களித்தார்கள். சட்டமன்றத் தேர்தல் தனியாக 2023 ஆகஸ்ட் 12-இல் வந்தது. முதலாவதற்கு விண்ணப்பித்து ஓட்டுப் போட்டவருக்கும் இரண்டாவதற்குச் சீட்டு தானாக வராது. கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசத்துக்குச் சட்டமன்றமே இல்லாததால் அங்குள்ளவர்களுக்கு எப்போதும் ஒரே ஒரு சீட்டு.

விண்ணப்பம் எஸ்பிஆரின் மைஎஸ்பிஆர் இணையதளத்தின் வழியாக. கணக்கை இப்போதே திறந்து, உள்ளே நுழைய முடிகிறதா என்று பார்த்து வையுங்கள். மலேசியத் தொலைபேசி எண்ணில் பதிந்துவிட்டு அந்த சிம் காலாவதியானவர்கள், கடவுச்சொல் மறந்தவர்கள் எல்லாரும் ஒரே வாரத்தில் தளத்தை மொய்ப்பார்கள். 1ஏ என்ற பிரிவைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். அது தேர்தல் பணியாளர், போலீஸ், ஊடகத்தார் போன்று உள்நாட்டில் கடமையில் இருப்பவர்களுக்கானது. விண்ணப்பித்த பிறகு அது ஏற்கப்பட்டதா என்பதைத் தளத்தில் நீங்களே போய்ப் பாருங்கள். மின்னஞ்சல் குப்பைப் பெட்டிக்குள் விழுந்து கிடக்கலாம்.

தகுதி விதிகளைக் குடும்ப வாட்ஸ்அப்பில் கேட்டு முடிவு செய்ய வேண்டாம். சிங்கப்பூர், புருணை, தென் தாய்லாந்து, கலிமந்தான் ஆகிய இடங்களில் இருப்பவர்களுக்குத் தபால் ஓட்டு கிடையாது என்பது 2018 விதி. 2022 ஜொகூர் மாநிலத் தேர்தலில் சிங்கப்பூரில் இருந்தவர்களுக்கும் வழி திறந்தது. 2013, 2018 தேர்தல்களில் கடந்த ஐந்து ஆண்டுகளில் மொத்தம் 30 நாளாவது மலேசியாவில் இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. எந்தத் தேர்தலுக்கு எது பொருந்தும் என்பதை அந்தத் தேர்தலின் எஸ்பிஆர் அறிவிப்பில் படியுங்கள். ஆட்டோகேட் எனும் தானியங்கிக் குடிநுழைவு வாயில் வழியாக வந்து போகிறவரின் பாஸ்போர்ட்டில் முத்திரை இருக்காது என்பதால், மலேசியாவில் இருந்த நாட்களுக்கு ஆதாரமாக விமானச் சீட்டுகளை அழிக்காமல் வைத்திருப்பது நல்லது.

முகவரியில் நடக்கும் பிழை மிகச் சாதாரணமானது, விளைவு பெரியது. வாக்களிப்புக்கு முந்திய இரண்டு வாரம் நீங்கள் எங்கே இருப்பீர்களோ அந்த முகவரியைக் கொடுங்கள். விடுதி மாறப்போகிற மாணவர்களுக்கு இது முக்கியம். அடுக்குமாடி எண், அஞ்சல் குறியீடு, நாட்டுக் குறியீட்டோடு உள்ளூர் கைபேசி எண் எல்லாம் வேண்டும். சென்னை முகவரி என்றால் ஆறு இலக்க பின்கோடும், கூரியர்காரர் அழைத்தால் எடுக்கிற எண்ணும் இல்லாமல் உறை தெருமுனையோடு திரும்பிவிடும்.

உறைக்குள் நடக்கும் பிழைகள்

வருகிற கட்டில் வாக்குச்சீட்டு, போராங் 2 எனும் அடையாள உறுதிமொழி, ஏ உறை, பி உறை இருக்கும். சீட்டில் விருப்பமான வேட்பாளருக்கு நேரே உள்ள கட்டத்துக்குள் பேனாவால் ஒரே ஒரு பெருக்கல் குறி. கையெழுத்து, பெயர், ஐசி (அடையாள அட்டை) எண் எதுவும் சீட்டில் கூடாது. ஆளை அடையாளம் காட்டும் சீட்டு செல்லாது. சீட்டை மடித்து ஏ உறையில் போட்டு ஒட்டுங்கள். போராங் 2-ஐ நிரப்புங்கள். ஏ உறையையும் போராங் 2-ஐயும் சேர்த்து பி உறையில் வைத்து அதையும் ஒட்டுங்கள்.

அதிகம் நடக்கும் தவறு, போராங் 2-ஐயும் சீட்டோடு சேர்த்து ஏ உறைக்குள் அடைத்துவிடுவது. அதிகாரி முதலில் பி உறையைத்தான் திறப்பார். அதில் உறுதிமொழி இருக்கிறதா, வாக்காளரும் சாட்சியும் கையெழுத்திட்டிருக்கிறார்களா என்று பார்ப்பார். இல்லையென்றால் ஓட்டு அங்கேயே நிராகரிக்கப்படும். ஏ உறையைப் பிரிக்கவே மாட்டார்கள். உள்ளே சீட்டு எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் பயனில்லை.

சாட்சி மலேசியக் குடிமகனாக இருக்க வேண்டும். அவருடைய பெயர், ஐசி எண், கையெழுத்து மூன்றும் தேவை. வயது வரம்பைப் படிவத்தின் குறிப்பிலேயே படித்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டு ஆங்கிலேயரோ உங்கள் இந்தியப் பேராசிரியரோ ஆக முடியாது. சின்ன ஊரில் தனியாக இருப்பவர், உறை வந்த பிறகு மலேசியரைத் தேட ஆரம்பித்தால் மூன்று நாள் போய்விடும். யார் என்று இன்றே பேசி வையுங்கள். சாட்சி பார்க்க வேண்டியது நீங்கள் போராங் 2-இல் கையெழுத்திடுவதை மட்டுமே. யாருக்குப் போட்டீர்கள் என்பது அவருக்குத் தெரியத் தேவையில்லை.

கணவனும் மனைவியும் ஒரே மேசையில் உட்கார்ந்து இரண்டு கட்டையும் பிரித்தால் படிவங்கள் இடம் மாறும். ஒருவர் கட்டை முடித்து ஒட்டிய பிறகு அடுத்ததைத் திறங்கள். நாடாளுமன்றமும் சட்டமன்றமும் ஒன்றாக வரும் மாநிலம் என்றால் ஒருவருக்கே இரண்டு தொகுப்பு. அவற்றையும் கலக்கக் கூடாது. சீட்டைப் படமெடுத்து முகநூலில் போடும் ஆசையை அடக்குங்கள்.

திருப்பி அனுப்புவது

பி உறை போக வேண்டிய இடம் அந்தத் தொகுதியின் தேர்தல் அதிகாரி அலுவலகம். புத்ராஜெயா தலைமையகத்துக்கு அனுப்பினால் அங்கிருந்து பினாங்கின் பத்து காவான் தொகுதிக்கு வந்து சேர நாள் பிடிக்கும். சாதாரண அஞ்சல் மலிவுதான், ஆனால் இந்தக் கணக்குக்கு ஒத்துவராது. கண்காணிப்பு எண் தரும் கூரியரில், ‘ஆவணம்’ என்று குறித்து அனுப்புங்கள். வாக்களிப்பு சனிக்கிழமை என்றால் வியாழக்கிழமைக்குள் சேருமாறு பாருங்கள். வெள்ளிக்கிழமை சுங்கத்தில் நின்றால் சனிக்கிழமை அலுவலகத்தில் பெற்றுக்கொள்ள ஆள் இருக்கிறாரா என்ற கவலை வேறு. ஐந்து மணி என்பது மலேசிய நேரம். நவம்பரில் லண்டனில் அப்போது காலை 9, சென்னையில் பிற்பகல் 2.30.

2018-இலும் 2022-இலும் கூரியர் நம்பிக்கை தராதபோது, ஊருக்குப் பறக்கும் பயணிகள் கையில் உறைகளைக் கொடுத்தனுப்பினார்கள். அப்படிச் செய்வதானால் பி உறை ஒட்டியபடி இருக்க வேண்டும். அதன் வெளிப்பக்கத்தை மட்டும் படமெடுத்து வையுங்கள். விமான நிலையத்தில் வாங்கி அதிகாரியின் அலுவலகத்துக்குக் கொண்டுபோகப் போகிறவர் யார், அவருடைய எண் என்ன என்பது விமானம் ஏறும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். பினாங்குத் தொகுதி உறை கோலாலம்பூர் விமான நிலையமான கேஎல்ஐஏவில் இறங்கினால் வடக்கே இன்னும் அரை நாள் பயணம் பாக்கி.

விண்ணப்பிக்கும் முன்பே இன்னொன்றையும் யோசியுங்கள். தபால் வாக்காளராக ஏற்கப்பட்டவர் வாக்களிப்பு நாளில் ஊருக்கு வந்து நின்றாலும் பள்ளிக்கூடத்து வாக்களிப்பு அறையில் அவருக்குச் சீட்டு தரமாட்டார்கள். உறை வந்து சேராவிட்டாலும் அப்படித்தான். சிங்கப்பூரிலோ சென்னையிலோ இருந்து டிக்கெட் எடுத்து வந்து போட முடிகிறவர், 1பி படிவத்தைத் தொடாமல் இருப்பதே பலநேரம் பாதுகாப்பு.