ஃபார்வர்டு செய்யும்போது நாம் செய்யும் தவறுகள்

பொய்ச் செய்தியைப் பரப்புகிறவர்கள் எல்லாம் விவரம் தெரியாதவர்கள் என்று நினைப்பதுதான் முதல் தவறு. 2021-இல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வின்படி, இது உண்மையா பொய்யா என்று கேட்டால் பலரும் ஓரளவு சரியாகவே சொல்லிவிடுகிறார்கள், பகிரும் நேரத்தில்தான் அந்தக் கேள்வி மனதில் எழுவதே இல்லை. அப்போது நம் கவனமெல்லாம் குரூப்பில் யார் முதலில் போடுவது என்பதில் இருக்கிறது.

அடுத்தது, பதறியவுடன் கை பட்டனுக்குப் போவது. ட்விட்டரில் 2006 முதல் 2017 வரை பரவிய சுமார் 1,26,000 செய்திகளை அமெரிக்காவின் எம்.ஐ.டி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அலசினார்கள். 1,500 பேரைச் சென்றடைய உண்மைக்கு ஆன நேரத்தில் ஆறில் ஒரு பங்கே பொய்க்குப் போதுமாக இருந்தது, அதுவும் தானியங்கிக் கணக்குகளால் அல்ல, நம்மைப் போன்ற ஆட்களால். பொய்க்கு வந்த பதில்களில் வியப்பும் அருவருப்பும் கூடுதலாக இருந்தனவாம். ஆகவே ஒரு செய்தியைப் படித்ததும் 'அடப்பாவிகளா!' என்று தோன்றினால், போனைக் கீழே வைத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

ஆனால் எனக்கு மிகவும் பயம் தருவது கோபம் இல்லை, நல்லெண்ணம். "உண்மையோ பொய்யோ, யாருக்காவது உதவட்டுமே" என்று அனுப்புகிறோமே, அதுதான். 2018-இல் பிள்ளை பிடிப்பவர்கள் சுற்றுகிறார்கள் என்று நாடு முழுக்க வாட்ஸ்அப்பில் ஓடிய செய்திகளை அனுப்பியவர்களில் பலர் பெற்றோர்கள்தான், குழந்தைகள் மேல் உள்ள அக்கறையில் அனுப்பினார்கள். அப்போது சுற்றிய வீடியோ ஒன்று, கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படத்தை வெட்டியது. அந்த மே மாதம் போளூர் அருகே, கோயிலுக்கு வந்த இடத்தில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த 65 வயதுப் பெண்மணியை ஊர்க்கூட்டம் அடித்தே கொன்றது. சும்மா ஒரு ஃபார்வர்டுதானே என்று யாராவது சொன்னால் எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

'மூணு குரூப்பில் வந்துச்சு' என்பதையும் ஆதாரமாக எடுக்காதீர்கள். திரும்பத் திரும்பக் கேட்டதை மனம் உண்மை என்று எடுத்துக்கொள்ளும், இது 1977-லேயே சோதித்துப் பார்த்த விஷயம். செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்தது, அனுப்பிய மாமாவுக்கும் மூலம் தெரியாது.

சரி, பொய் என்று கண்டுபிடித்துவிட்டீர்கள். உடனே குரூப்பிலேயே, உறவினர் அத்தனை பேரும் பார்க்க, "சித்தப்பா, இது ஃபேக்" என்று போடுவதும் தவறுதான். மானம் போன ஆத்திரத்தில் அவர் அந்தப் பொய்யைத் தாங்கிப் பேச ஆரம்பிப்பார், இரண்டு பேர் அவருக்கு ஆதரவாக வருவார்கள், செய்தி மறுபடி மேலே வரும். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், அது பொய் என்று காட்டும் லிங்க்கையும் அவருக்கே அனுப்புங்கள். அப்புறம் அவரே குரூப்பில் "அது தவறான செய்தியாம்" என்று போட்டுவிட்டால் நீங்கள் பத்து முறை சொல்வதைவிட எடுபடும்.