ஒரு தடவைக்கு ஐந்து படம்: பெங்களூரில் ஓவியக்கூடமும் திரையரங்கும் பழகிக்கொள்ளும் முறை

படம் பார்க்கப் போய்விட்டு வருகிறேன் என்று வீட்டில் சொன்னால், திரையரங்குக்குக் கிளம்புகிறேன் என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். சுவரில் மாட்டிய ஓவியத்துக்கும் தமிழில் படம் என்றே பெயர். ஆனாலும் அதைப் பார்ப்பதற்கென்று உடை மாற்றிக்கொண்டு வெளியே கிளம்பும் பழக்கம் நம் வீடுகளில் அரிது. பெங்களூரில் அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம் பக்கம் வசிக்கும் தமிழர்களுக்கு இரண்டு வகைப் படங்களும் மெட்ரோவிலோ ஆட்டோவிலோ போய்வரும் தொலைவில்தான் இருக்கின்றன. இரண்டையும் மாதத்துக்கு ஓரிரு முறை, மார்க்கெட்டுக்குப் போய்வருவது போல அலட்டிக்கொள்ளாமல் போய்ப் பார்த்துவிட்டு வருவதற்கான வழியை, முற்றிலும் புதியவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

என் முதல் முயற்சி தோல்வியில்தான் முடிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஐந்து பேர், புளியோதரை டப்பா, தண்ணீர் பாட்டில் சகிதம் நகரின் ஒரு காட்சிக்கூடத்துக்குப் போனோம். கொடுத்த காசுக்கு ஒன்றையும் விடக்கூடாது என்று ஒவ்வோர் அறையாக நுழைந்து, ஒவ்வொரு படத்தின் முன்னும் அரை நிமிடம் நின்று நகர்ந்தோம். மூன்றாவது அறையிலிருந்த பெஞ்சில் உட்கார்ந்த என் மாமியார், "ஏம்மா, எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு? டப்பாவ எப்பப் பிரிக்கிறது?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறே இல்லை. அரை நிமிடம் மட்டும் பார்த்தால் எல்லாப் படமும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

முதல் படி: வீட்டுச் சுவரிலிருந்து தொடங்குங்கள்

காட்சிக்கூடத்துக்குப் போவதற்கு முன்பு உங்கள் பூஜையறையில் இருக்கும் லட்சுமி அல்லது முருகன் படத்தைக் கையில் எடுங்கள். கைபேசியின் கேமராவை அதன்மேல் வைத்து முடிந்தவரை பெரிதாக்கிப் பாருங்கள். தேவியின் கன்னத்தில் தெரிந்த அந்த இளஞ்சிவப்பு மறைந்து, நீலம், கருஞ்சிவப்பு, மஞ்சள், கருப்பு என்று நான்கு நிறப் புள்ளிகள் கோலப்புள்ளிகளைப் போல வரிசையாகத் தெரியும். அச்சுப் படம் என்பது இந்தப் புள்ளிகள்தான்.

நம் வீடுகளுக்குத் தெய்வப் படங்கள் வந்து சேர்ந்த கதையில் ராஜா ரவி வர்மாவுக்கு (1848–1906) பெரிய இடம் உண்டு. எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய தம் ஓவியங்களைக் கல்லச்சில், அதாவது கல்லில் வரைந்து தாளில் அச்செடுக்கும் முறையில், பதிப்பதற்காக அவர் 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். பிற்காலத்தில் கோவில்பட்டியில் இருந்துகொண்டு சி. கொண்டையராஜு வரைந்த தெய்வப் படங்கள் தமிழ்நாட்டுக் காலண்டர்கள் வழியாக வீடுதோறும் போய்ச் சேர்ந்தன. ஆகவே நாம் யாரும் ஓவியம் பார்த்தறியாதவர்கள் அல்லர். அச்சில் பார்த்தே வளர்ந்திருக்கிறோம். புள்ளிகளே இல்லாத மூலப் படத்தைப் பார்க்கப் போகிறோம் என்ற எண்ணத்தோடு கிளம்பினால், உள்ளே நுழையும்போது வரும் தயக்கத்தில் பாதி குறைந்துவிடும்.

இரண்டாம் படி: நாளையும் இடத்தையும் முடிவு செய்யுங்கள்

பெங்களூரின் அருங்காட்சியகங்களும் ஓவியக்கூடங்களும் பெரும்பாலும் திங்கட்கிழமை மூடியிருக்கும். மாலையில் ஐந்து, ஆறு மணிக்கெல்லாம் கதவைச் சாத்திவிடுவதால், அலுவலகம் முடிந்து போய்ப் பார்க்கலாம் என்ற திட்டம் நடைமுறையில் எடுபடாது. சனிக்கிழமை காலையில் கதவு திறக்கும் நேரத்துக்குப் போவதே என் கணக்கில் மிகச் சிறந்தது. கூட்டமும் இருக்காது, நம் கண்ணும் களைத்திருக்காது. புதிய காட்சி அமைப்பதற்காகச் சில அறைகளை மூடி வைத்திருப்பார்கள் என்பதால், முந்தைய நாளே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

புதியவர்களுக்கு நான் சொல்லும் முதல் இடம், அரண்மனைச் சாலையில் மாணிக்கவேலு மாளிகையில் 2009-இல் திறக்கப்பட்ட தேசிய நவீன ஓவியக்கூடம். சுரங்கத் தொழில் செய்த மாணிக்கவேலு முதலியார் என்ற செல்வரின் பெயரைத் தாங்கிய பழைய பங்களா அது. பெரிய மரங்கள் சூழ்ந்த தோட்டம் இருப்பதால், ஓவியம் பிடிக்காமல் போனால்கூட வந்தது வீணாகாது. இந்தியர்களுக்கான நுழைவுக் கட்டணம் ஒரு தட்டு இட்லியின் விலையை எட்டாது. அடுத்து கஸ்தூர்பா சாலை. அரசு அருங்காட்சியகம், வெங்கடப்பா ஓவியக்கூடம், 2023-இல் திறக்கப்பட்ட கலை மற்றும் புகைப்பட அருங்காட்சியகம் ஆகிய மூன்றும் அந்த ஒரே சாலையில் நடந்து போகும் தொலைவில் உள்ளன. ஆனால் மூன்றையும் ஒரே நாளில் பார்க்க முயலாதீர்கள்.

மூன்றாம் படி: ஐந்தே ஐந்து படங்கள்

உள்ளே நுழைந்ததும் எந்தக் குறிப்பையும் படிக்காமல், எங்கும் நிற்காமல், பத்து நிமிடத்தில் எல்லா அறைகளையும் ஒரு சுற்று சுற்றி வந்துவிடுங்கள். புடவைக் கடையில் அடுக்கை முழுவதும் ஒருமுறை கண்ணால் மேய்ந்துவிட்டுப் பிறகு கைவைப்பதில்லையா, அதே முறைதான். அந்தச் சுற்றில் கண்ணை இழுத்த ஐந்து படங்களை மட்டும் மனதில் குறித்துக்கொண்டு, அவற்றுக்குத் திரும்பி வாருங்கள். புகழ்பெற்ற ஓவியரின் படம் அந்த ஐந்தில் இல்லாமல் போனால் அதற்காக வருந்த வேண்டியதில்லை.

ஒவ்வொரு படத்துக்கும் பத்து நிமிடம் கொடுங்கள். முதலில், படத்தின் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளி நின்று, கண் எங்கே முதலில் போகிறது, அங்கிருந்து எங்கே நகர்கிறது என்று மட்டும் கவனியுங்கள். பிறகு காவலர் அனுமதிக்கும் அளவுக்கு நெருங்குங்கள். எண்ணெய் வண்ணமாக இருந்தால் பக்கவாட்டில் நகர்ந்து, வெளிச்சம் சாய்வாக விழும் கோணத்தில் பாருங்கள். தூரிகை இழுத்த மேடு பள்ளங்கள் வயல் வரப்புகளைப் போலத் தெரியும். ஓவியர் எங்கே விரைந்திருக்கிறார், எங்கே தயங்கித் திரும்ப வந்திருக்கிறார் என்பதை அந்த மேடுகளைக் கொண்டே ஊகிக்கலாம்.

நீர்வண்ணத்தைப் பார்ப்பது வேறு கலை. மைசூர் அரண்மனை ஓவியர் குடும்பத்தில் பிறந்து, கல்கத்தாவில் ஓவியர் அபனீந்திரநாத் தாகூரிடம் பயின்ற கே. வெங்கடப்பா (1886–1965) வரைந்த உதகமண்டலக் காட்சிகள் இதற்கு நல்ல பாடம். இத்தகைய படத்தில் பனிமூட்டமோ வெயில் பட்ட மேகமோ வெள்ளையாகத் தெரியும் இடத்தை உற்றுப் பாருங்கள். தெளிந்த நீர்வண்ணத்தில் வெள்ளை வண்ணம் பூசுவதில்லை. அந்த வெள்ளை, வண்ணம் படாமல் விட்டுவைத்த காகிதமே. எதை வரைவது என்பதைவிட எதைத் தொடாமல் விடுவது என்பதை ஓவியர் முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும். இது தெரிந்த பிறகு, முன்பு ஒரு வாழ்த்து அட்டையைப் போலத் தோன்றிய மலைக்காட்சியின் முன் நான் கால் மணி நேரம் நின்றிருக்கிறேன்.

நீர்வண்ணப் படங்கள் உள்ள அறை ஏன் இவ்வளவு மங்கலாக இருக்கிறது என்று பலர் குறைப்படுவதைக் கேட்டிருக்கிறேன். காகிதமும் அதன்மேலுள்ள வண்ணமும் வெளிச்சத்தில் வெளுக்கும் என்பதால், அத்தகைய படங்களுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்கு மேல் ஒளி விழாமல் பார்த்துக்கொள்வது அருங்காட்சியகங்களின் பொதுவான நடைமுறை. வெயிலிலிருந்து உள்ளே வந்த கண்ணுக்கு அது பழகச் சில நிமிடங்கள் ஆகும், அதுவரை காத்திருங்கள். பிளாஷ் போட்டுப் படமெடுக்கக் கூடாது என்பதும் வெளிச்சத்தின் இந்தக் கெடுதலை ஒட்டி வந்த விதிதான்.

குறிப்பட்டையைக் கடைசியில் படியுங்கள். பெயர், தலைப்பு, ஆண்டு, எந்தப் பொருளால் எதன்மேல் வரையப்பட்டது, அளவு ஆகியவை அதில் இருக்கும். அளவில் பெரும்பாலும் உயரம் முதலில் வரும். செதுக்கோவியம், கல்லச்சு போன்ற, ஒரே அச்சிலிருந்து பல பிரதிகள் எடுக்கும் பதிப்போவியங்களின் கீழ் ஓரத்தில் பென்சிலால் 7/25 என்பது போல எழுதியிருந்தால், மொத்தம் 25 பிரதிகளில் இது ஏழாவது என்று பொருள். தலைப்பில்லாதது என்று போட்டிருந்தால் ஏமாற்றம் வேண்டாம். நீங்களே ஒரு பெயர் வைத்துப் பாருங்கள்.

நான்காம் படி: ஓவியத்திலிருந்து சினிமாவுக்கு ஒரு பாலம்

இரண்டாம் மாதம் குமார கிருபா சாலையிலுள்ள கர்நாடக சித்ரகலா பரிஷத்துக்குப் போங்கள். 1960-இல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனத்தில் கர்நாடகத்தின் பழைய தோற்பாவைகளின் தொகுப்பு இருக்கிறது. நம் ஊர்த் தோல்பாவைக்கூத்தின் உடன்பிறப்பு அது. பதப்படுத்திய தோலை ஒளி ஊடுருவும்படி மெல்லியதாக்கி, ஓட்டைகள் இட்டு, வண்ணம் ஏற்றி, பின்னாலிருந்து விளக்கு காட்டி வெள்ளைத் துணியில் ஆட்டுவார்கள். படம் என்ற சொல்லுக்கு அகராதியில் சீலை, துணி என்ற பொருள்களும் உண்டு. கேன்வாஸும் துணி, பாவைக்கூத்தின் திரையும் துணி, சினிமாத் திரையும் துணியின் வழி வந்ததே.

அதே வளாகத்தில் ரஷ்யாவில் பிறந்த நிக்கோலஸ் ரோரிக், அவர் மகன் ஸ்வெதோஸ்லாவ் ரோரிக் ஆகியோரின் ஓவியங்களும் உள்ளன. தந்தை வரைந்த இமயமலையின் நீலங்களைப் பார்த்துவிட்டு மகனிடம் வந்தால் சினிமா தானாகவே வந்துவிடும். தாதாசாகேப் பால்கே விருதை முதன்முதலில் பெற்ற நடிகை தேவிகா ராணியை 1945-இல் மணந்த ஸ்வெதோஸ்லாவ், பிறகு கனகபுரா சாலையில் தாதகுனி பண்ணையில் அவரோடு வாழ்ந்தார்.

ஆண்டுதோறும் ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதே சாலையில் சித்திரச் சந்தை நடக்கிறது. ஓவியர்கள் நடைபாதையில் உட்கார்ந்து தாங்களே விற்பார்கள் என்பதால், எப்படி வரைந்தீர்கள் என்று நேரடியாகக் கேட்கலாம். காலை பத்து மணிக்குள் போய்விட வேண்டும். பிறகு கூட்டம் தள்ளுகிற திசையில்தான் நகர முடியும்.

ஐந்தாம் படி: திரையரங்கில் ஒரே ஒரு வேலை

தமிழ்ப் படங்கள் இங்கு தவறாமல் வெளியாவதால் அதற்கு வழிகாட்டி தேவையில்லை. மாதம் ஒரு படமாவது வேறு மொழியில், குறிப்பாகக் கன்னடத்தில் பாருங்கள் என்பதே என் பரிந்துரை. பாதிக்கு மேல் புரியும். புரியாத இடத்தில் முகங்களைக் கூர்ந்து பார்க்க வேண்டியிருக்கும், அதுவே ஒரு பயிற்சி. பிள்ளைகளை அழைத்துப் போவதாக இருந்தால் தணிக்கைச் சான்றிதழைக் கவனியுங்கள். 2024 முதல் யு/ஏ பிரிவு 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது.

திரையிலிருந்து கடைசி வரிசை வரையுள்ள தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கு பின்னால், நடுவில் இருக்கை எடுங்கள். இரு பக்க ஒலியும் அங்கேதான் சமமாகக் காதில் விழும். படம் தொடங்கியதும் திரையில் அதன் வடிவத்தைப் பாருங்கள். அகலம் உயரத்தைப் போல 2.39 மடங்கு என்றால் அது ஸ்கோப் எனப்படும் அகன்ற வடிவம், 1.85 மடங்கு என்றால் அதைவிடக் குறுகியது. அந்த அகலத்தில் ஆளை நடுவில் நிறுத்துகிறார்களா, ஓரத்தில் ஒதுக்கி மீதியைக் காலியாக விடுகிறார்களா என்பது இயக்குநரும் ஒளிப்பதிவாளரும் சேர்ந்து எடுக்கும் முடிவு. காகிதத்தில் விட்ட வெள்ளையைப் போன்றது அது.

ஒரு படத்துக்கு ஒரே ஒரு வேலை வைத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பிடித்தது, ஏதாவது ஒரு சண்டைக் காட்சியில், அதாவது கணவன் மனைவி வாக்குவாதம் போன்ற ஒன்றில், எத்தனை முறை ஷாட், அதாவது வெட்டாமல் ஓடும் ஒரு துண்டுக் காட்சி, மாறுகிறது என்று விரல் மடக்கி எண்ணுவது. இருவரும் எப்போது ஒரே சட்டகத்தில் இருக்கிறார்கள், எந்த வசனத்தில் தனித்தனியாகப் பிரிக்கப்படுகிறார்கள் என்று பார்த்தால், பேச்சில் வராத பிரிவு கண்ணில் படும். எண்ணுவதில் மனம் போய்க் கதை கைவிட்டுப் போனால் எண்ணுவதை விட்டுவிடுங்கள். இது பரீட்சை இல்லை.

ஆறாம் படி: சங்கங்களும் விழாவும்

வணிகத் திரையரங்குக்கு வராத படங்களுக்கு, பனசங்கரியில் 1971 முதல் இயங்கும் சுசித்ரா திரைப்படச் சங்கமும், வெளிநாட்டுப் பண்பாட்டு மையங்களும் இருக்கின்றன. இடைவேளையை எண்ணி எழுதப்படாத அயல்நாட்டுப் படத்தைத் திரையரங்கில் பார்க்கும்போது பாப்கார்னுக்காக வாக்கியத்தின் நடுவில் வெட்டிவிடுவார்கள். சங்கத் திரையிடல்களில் அந்தத் தொல்லை பெரும்பாலும் இருப்பதில்லை. பெங்களூரு சர்வதேசத் திரைப்பட விழாவுக்கு அனுமதி அட்டை எடுத்தால், ஒரு நாளைக்கு இரண்டு படங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நான்கைந்து பார்த்துவிட்டு மறுநாள் ஒரு படத்தின் முடிவை இன்னொரு படத்தின் தொடக்கத்தோடு ஒட்டிச் சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஏழாம் படி: ஒரு நோட்டு

வீடு திரும்பும் மெட்ரோவிலேயே மூன்று வரி எழுதிவிடுங்கள்: என்ன பார்த்தேன், எந்த இடத்தில் கண் நின்றது, எது புரியவில்லை. மூன்றாவது வரிதான் அடுத்த முறை எங்கே போவது என்பதைத் தீர்மானிக்கும். ஆறு மாதம் கழித்து அதே கூடத்துக்குப் போய், முன்பு தேர்ந்தெடுத்த ஐந்தில் ஒன்றையாவது மீண்டும் பாருங்கள். என் மாமியார் இப்போது என்னோடு வருகிறார்; அவர் கணக்கில் ஐந்து அதிகம், இரண்டு படம் போதும். ஒன்றைப் பெஞ்சில் உட்கார்ந்தபடியே பார்க்கும்படி தேர்ந்தெடுத்துவிடுவார். புளியோதரை டப்பாவை மட்டும் வாசலில் பைகளை ஒப்படைக்கும் இடத்தில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போகிறோம்.