இங்கிலாந்துப் பள்ளி ரிப்போர்ட்: நம் பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லண்டனில் ஈஸ்ட் ஹாமிலோ ஹாரோவிலோ செகண்டரி ஸ்கூல் போகும் பிள்ளையின் ரிப்போர்ட் வந்ததும், ஊரில் படித்து வளர்ந்த பெற்றோரின் கண் முதலில் தேடுவது ஒன்றைத்தான். யாழ்ப்பாணத்துக்காரர் என்றால் எத்தனையாம் பிள்ளை, தமிழ்நாட்டுக்காரர் என்றால் எத்தனையாவது ரேங்க். பெரும்பாலும் அது அந்தத் தாளில் இருக்காது. மொத்த மதிப்பெண்ணும் இருக்காது. ஒவ்வொரு பாடத்துக்கு எதிரேயும் மூன்று நான்கு எண்கள், ஓரிரு எழுத்துகள், பச்சை சிவப்பு என்று நிறங்கள். இவை எல்லாவற்றையும் மார்க் என்றே எடுத்துக்கொள்வதில்தான் மற்ற எல்லாத் தவறுகளும் பிறக்கின்றன. ஒரு எண், பிள்ளை இன்று எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டும். இன்னொன்று, இயர் 11 முடிவில், அதாவது 16 வயதில், எந்த கிரேடை நோக்கிப் போக வேண்டும் என்பது. மூன்றாவது, வகுப்பில் எப்படி உழைக்கிறது என்பது.

எது எந்த எண் என்பது அந்த ரிப்போர்ட்டின் முதல் பக்கத்திலோ கடைசியிலோ சின்ன எழுத்தில் எழுதியிருக்கும். அதைப் படிக்காமல் எண்ணுக்குப் போகாதீர்கள். முன்பு நாடு முழுவதற்கும் பொதுவான லெவல் முறை இருந்தது. 2014 இல் அதை எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு செகண்டரியின் முதல் மூன்று ஆண்டுகளான இயர் 7 முதல் 9 வரை எப்படி மதிப்பிடுவது, எப்படிப் பெற்றோருக்குச் சொல்வது என்பது ஒவ்வொரு பள்ளியின் விருப்பம். ஒரு பள்ளி இயர் 8 பிள்ளைக்கே ஜிசிஎஸ்இ (இயர் 11 முடிவில் எழுதும் பொதுத் தேர்வு) எண் போடும். அடுத்த தெருப் பள்ளி வெறும் சொற்களால் சொல்லும். இன்னொன்று சதவீதம் தரும். ஒரே தாளிலேயே குழப்பம் வரலாம்: கிரேடில் 9 தான் உச்சம், ஆனால் உழைப்புக்கான கட்டத்தில் சில பள்ளிகளில் 1 தான் மிக நல்லது. "கணக்கில 6, முயற்சியில 1 தானா?" என்று திட்டு வாங்கிய நல்ல பிள்ளைகள் உண்டு. அதனால் அத்தை மகனின் 6 ஐயும் உங்கள் மகளின் 4 ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை, இருவரும் ஒரே பள்ளியில் ஒரே வகுப்பில் படித்தால் ஒழிய.

100 என்றால் நூற்றுக்கு நூறு இல்லை

ஆரம்பப் பள்ளியின் கடைசி ஆண்டான இயர் 6 இல் எழுதும் சாட்ஸ் தேர்வின் முடிவு 80 முதல் 120 வரையான அளவில் வரும். அதில் 100 என்பது எதிர்பார்க்கப்படும் தரத்தின் எல்லைக்கோடு. 110 அல்லது அதற்கு மேல் என்றால் உயர் தரம். செகண்டரிக்குப் போனதும் பல பள்ளிகள் கேட் (CAT) என்ற இன்னொரு திறன் சோதனை வைக்கும். அதிலும் 100 வரும், ஆனால் அங்கே அது அதே வயதுப் பிள்ளைகளின் சராசரி. இரண்டும் வேறு வேறு கணக்கு. சாட்ஸில் 104 வாங்கிய பிள்ளை கேட்டில் 96 வாங்கினால் பின்னால் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

டார்கெட் கிரேட்

இதில்தான் அதிகம் சண்டை வருகிறது. டார்கெட் 8, இப்போதைய நிலை 5 என்று இயர் 8 ரிப்போர்ட்டில் பார்த்தவுடன் வீட்டில் இடி விழுகிறது. அந்த 8 மூன்று ஆண்டு கழித்து எட்ட வேண்டியது. இன்று 5 இல் இருப்பது சரியான பாதையாகவே இருக்கலாம். அந்தப் பள்ளியின் விளக்கத்தில் 'பாதையில் இருக்கிறார்' என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

அந்த 8 எங்கிருந்து வந்தது? பெரும்பாலான பள்ளிகளில் அதை ஆசிரியர் உட்கார்ந்து யோசித்துப் போடுவதில்லை. இயர் 6 இல் வாசிப்பிலும் கணிதத்திலும் அதே அளவு மதிப்பெண் எடுத்த மற்ற பிள்ளைகள் நாடு முழுவதும் ஜிசிஎஸ்இயில் என்ன எடுத்தார்கள் என்ற புள்ளிவிவரத்திலிருந்து வருவது அது. பல இடங்களில் ஓவியத்துக்கும் இசைக்கும்கூட அதே வாசிப்பு, கணித மார்க்கிலிருந்துதான் டார்கெட் பிறக்கிறது. பத்து வயதில் எழுதிய கணிதத் தாள், பதினாறு வயதில் ஒருவர் வயலின் எப்படி வாசிப்பார் என்று சொல்லுமா? எனவே அதை வாக்குறுதியாகவும் எடுக்க வேண்டாம், உச்சவரம்பாகவும் எடுக்க வேண்டாம். டார்கெட் 5 என்று இருப்பதால் 5 போதும் என்று பிள்ளை நினைத்துவிடுவதுதான் பெரிய ஆபத்து.

2020 இலும் 2021 இலும் கொரோனாவால் சாட்ஸ் நடக்கவே இல்லை. அந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் கேட் போன்ற வேறு சோதனைகளைக் கொண்டுதான் டார்கெட் போட வேண்டியிருந்தது. ஊரிலிருந்தோ, பிரான்ஸ், ஜெர்மனி என்று இருந்துவிட்டோ இயர் 6 க்குப் பிறகு இங்கே வந்த பிள்ளைகளுக்கும் இதே நிலைதான். இவர்களின் பெற்றோர் கட்டாயம் ஒரு விஷயம் கேட்க வேண்டும். கேட் சோதனையில் மொழி சார்ந்த பகுதியும் உண்டு, எண், வடிவம் சார்ந்த பகுதிகளும் உண்டு. ஆங்கிலம் புதிதான பிள்ளைக்கு முதல் பகுதி தாழ்ந்து மற்றவை உயர்ந்திருந்தால், சராசரியை வைத்துப் போட்ட டார்கெட் அந்தப் பிள்ளையின் திறமையைக் குறைத்துக் காட்டும். பகுதி பகுதியான மார்க்கைக் காட்டச் சொல்லுங்கள். டார்கெட்டை மறுபடி பார்க்கச் சொல்லியும் கேட்கலாம்.

டியர் எது என்று கேட்காமல் விடுவது

என்னைக் கேட்டால் இதைவிட விலை அதிகமான தவறு இல்லை. கணிதம், அறிவியல், பிரெஞ்சு போன்ற மொழிகளுக்கு ஜிசிஎஸ்இயில் இரண்டு வகை வினாத்தாள் உண்டு: எளிதான ஃபவுண்டேஷன், கடினமான ஹையர். இந்த வகையைத்தான் டியர் என்கிறார்கள். ஃபவுண்டேஷன் எழுதினால் எத்தனை சரியாக எழுதினாலும் 5 க்கு மேல் கிடைக்காது. ஜிசிஎஸ்இக்குப் பிறகு படிக்கும் ஏ லெவலில் கணிதம் எடுக்க சிக்ஸ்த் ஃபார்ம்கள் (இயர் 12, 13 நடத்தும் இடங்கள்) பொதுவாக 6 அல்லது 7 கேட்கும். ரிப்போர்ட்டில் 'கணிதம் 5, நன்றாகச் செய்கிறார்' என்று பார்த்து மகிழ்ந்துகொண்டே இருந்துவிட்டு, இயர் 11 கோடையில்தான் பிள்ளை எழுதியது ஃபவுண்டேஷன் என்று தெரிந்துகொண்ட குடும்பங்கள் இருக்கின்றன. இயர் 9 இலிருந்தே எந்த செட் (திறமையை வைத்துப் பிரித்த வகுப்பு), அந்த செட் எந்தத் தாளுக்குப் போகிறது என்று கேளுங்கள். இயர் 11 மாக் (மாதிரி) தேர்வு வரை காத்திருந்தால் தாமதம். ஹையர் எல்லோருக்கும் நல்லது என்றும் இல்லை. தடுமாறும் பிள்ளைக்கு அதில் கிரேடே இல்லாமல் போகலாம். ஃபவுண்டேஷனில் அதே பிள்ளை 4 வாங்கியிருக்கலாம். ஆங்கிலத்திலும் கணிதத்திலும் அந்த 4 இல்லாவிட்டால் 16 வயதுக்குப் பிறகு எந்தப் படிப்பில் சேர்ந்தாலும் அந்தப் பாடத்தைத் தொடர்ந்தே ஆக வேண்டும்.

கம்பைன்ட் சயன்ஸ் (மூன்று அறிவியலும் சேர்ந்த பாடம்) எடுப்பவருக்கு 6-5 என்று இரட்டை எண் வரும். அது இரண்டு ஜிசிஎஸ்இக்குச் சமம், அவ்வளவுதான். பிழையாக அச்சடித்துவிட்டார்கள் என்று பள்ளிக்கு போன் பண்ண வேண்டாம்.

மாக் தேர்வில் 55 சதவீதம் என்று வந்தால் ஊர் நினைப்பில் "சும்மா பாஸ்" என்று முடிவு கட்டிவிடுகிறோம். இங்கே எத்தனை மார்க்குக்கு எந்த கிரேட் என்பதைத் தேர்வு முடிந்த பிறகு, தாள் எவ்வளவு கடினம் என்று பார்த்துத்தான் தீர்மானிக்கிறார்கள். அது ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஹையர் கணிதத்தில் மொத்த மார்க்கில் கால் பங்குகூட இல்லாமல் 4 கிடைத்த ஆண்டுகள் உண்டு. சதவீதத்தை மட்டும் வைத்துப் பிள்ளையை ஏசாதீர்கள், அது எந்த கிரேடுக்குச் சமம் என்று கேளுங்கள்.

வருகையில் இதற்கு நேர் எதிர்த் தவறு. 90 சதவீதம் என்றதும் நல்ல மார்க் போலத் தெரிகிறது. பள்ளி ஆண்டு 190 நாள். 90 சதவீதம் என்றால் 19 நாள் போகவில்லை, கிட்டத்தட்ட நான்கு பள்ளி வாரம். அந்த அளவில் இருக்கும் பிள்ளையை அரசு 'தொடர்ந்து வராதவர்' கணக்கில் சேர்க்கிறது. ஊரில் கல்யாணம், கோயில் திருவிழா என்று அனுமதி இல்லாமல் டெர்ம் நடுவே ஐந்து நாள் போனாலே அபராதம் வரலாம்: 2024 ஆகஸ்ட் முதல் பெற்றோர் ஒருவருக்கு, பிள்ளை ஒருவருக்கு 80 பவுண்டு, 21 நாளுக்குள் கட்டாவிட்டால் 160.

ஆசிரியர் எழுதும் வரிகளும் பேரன்ட்ஸ் ஈவினிங்கும்

ஆங்கிலேய ஆசிரியர் நேரடியாகக் குறை எழுதமாட்டார். 'வகுப்பில் கலகலப்பாக இருக்கிறார்' என்றால் அளவுக்கு மீறிப் பேசுகிறார் என்றும் இருக்கலாம். 'இன்னும் சீராக உழைத்தால் திறமைக்கேற்ற பலன் கிடைக்கும்' என்றால் வீட்டுப்பாடம் ஒழுங்காக வருவதில்லை. பல பள்ளிகளில் இந்த வரிகள் ஏற்கெனவே எழுதி வைத்த தொகுப்பிலிருந்து தேர்ந்தெடுத்துப் போடப்படுபவை. அதனால் புகழ்ச்சி வரிகளுக்கு அதிக எடை கொடுக்க வேண்டாம். குறிப்பிட்ட ஒரு பாடப் பகுதியை, ஒரு வேலையைச் சொல்லும் வரி இருந்தால் அதற்குக் கீழே கோடு போடுங்கள்.

இந்த வரிகளைத் தமிழில் சொல்லச் சொல்லி அதே பிள்ளையிடம் கொடுப்பது நம் வீடுகளில் சாதாரணம். மாமாவிடமோ மூத்த அக்காவிடமோ காட்டுங்கள். பெற்றோர் ஆசிரியர்களைச் சந்திக்கும் பேரன்ட்ஸ் ஈவினிங்கிலும் பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக உட்கார வைக்காதீர்கள். தன்னைப் பற்றிய குறையைத் தானே அப்பாவுக்குச் சொல்ல வேண்டிய சங்கடம் அதற்கு எதற்கு? முன்கூட்டியே மின்னஞ்சல் போட்டால் தமிழ் தெரிந்தவரை ஏற்பாடு செய்து தரும் பள்ளிகள் உண்டு. முடியாவிட்டால் உறவினர் ஒருவரைக் கூட்டிப் போகலாமா என்று கேளுங்கள்.

ஒரு ஆசிரியருக்கு ஐந்து நிமிடம்தான். இணையவழி என்றால் நேரம் முடிந்ததும் இணைப்பு தானாகவே அறுந்துவிடும். அதில் "வகுப்பில் எத்தனையாவது?" என்று கேட்டு இரண்டு நிமிடத்தை விடாதீர்கள். கடைசிச் சோதனையில் எந்தப் பகுதியில் மார்க் போனது, அடுத்த ஒரு மாதம் வீட்டில் என்ன செய்ய வேண்டும், எந்த செட் எந்த டியர். இந்த மூன்றும் போதும். பதிலைப் பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள், ஏழாவது ஆசிரியரிடம் போகும்போது முதலாமவர் சொன்னது மறந்திருக்கும்.

இயர் 12 ஐ ஓய்வு ஆண்டாக எண்ணுவது

ஜிசிஎஸ்இ முடிந்ததும் பெற்றோர் மூச்சு விடுகிறார்கள், ரிப்போர்ட்டைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. ஆனால் மருத்துவம் படிக்க ஆசைப்படும் வீட்டில் அதிகம் கவனிக்க வேண்டியது இயர் 12 கோடைகால ரிப்போர்ட்தான். யூகாஸ் (பல்கலைக்கழகச் சேர்க்கை) விண்ணப்பத்தில் பள்ளி அனுப்பும் எதிர்பார்ப்பு கிரேட், பெரும்பாலும் அந்த ஆண்டின் இறுதித் தேர்வை ஒட்டியே அமைகிறது. மருத்துவத்துக்கும் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜுக்கும் அக்டோபர் 15 கடைசி நாள். ஜூலையில் பி என்று வந்ததை செப்டம்பரில் பார்த்து, "ஏ போடுங்கள்" என்று ஆசிரியரிடம் கெஞ்சுவது அநேகமாக எடுபடாது. ஜூலையிலேயே பேசினால், செப்டம்பர் தொடக்கத்தில் இன்னொரு சோதனை எழுத அனுமதி உண்டா என்றாவது கேட்டு வைக்கலாம். சில பள்ளிகள் விடுகின்றன.