பேப்பர் மாரியோவில் லெவல் ஏறினால் எதைத் தேர்ந்தெடுப்பது?

கோடை விடுமுறைக்குக் கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு வந்திருக்கும் அக்கா பையன், நின்டெண்டோவின் ஸ்விட்ச் கேம் கருவியில் 'பேப்பர் மாரியோ: தி தவுசண்ட் இயர் டோர்' ஆடிக்கொண்டிருக்கிறான். 2004-இல் நின்டெண்டோவின் பழைய கருவியான கேம்கியூபுக்கு வந்த விளையாட்டு, 2024-இல் ஸ்விட்ச்சுக்காகப் புதிதாகச் செய்யப்பட்டது. காகிதத்தில் வெட்டி ஒட்டியது போன்ற அந்த உலகம் அவ்வளவு அழகு! மாரியோ காகித ராக்கெட்டாகவே மடிந்து பறப்பான்.

அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். சண்டைகளில் வென்று 100 நட்சத்திரப் புள்ளி சேர்ந்ததும் லெவல் ஏறும். அப்போது உயிர்ப்புள்ளி (ஹெச்பி) 5, சிறப்புத் தாக்குதல்களுக்குச் செலவாகும் பூப்புள்ளி (எஃப்பி) 5, திறன் தரும் பேட்ஜ்களை மாட்டத் தேவைப்படும் பேட்ஜ் புள்ளி 3 என மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். பெரும்பாலும் பேட்ஜ் புள்ளியையே எடுங்கள். ஏனென்றால் ஹெச்பி பிளஸ் பேட்ஜின் விலை சரியாக 3 புள்ளி, அதை மாட்டினால் உயிர் 5 கூடிவிடும். பூப்புள்ளிக்கு எஃப்பி பிளஸும் அப்படித்தான். சண்டை இல்லாத நேரத்தில் கழற்றி வேறு பேட்ஜ் மாட்டிக்கொள்ளலாம். உயிர்ப்புள்ளியாக வாங்கினால் அவ்வளவு எளிதாக மாற்ற முடியாது.

உயிர் குறைவாக இருக்கிறதே என்று பயமா? எதிரியின் அடி விழும் நொடியில் ஏ பட்டனை அழுத்துங்கள், சேதத்தில் 1 குறையும். பி பட்டனைத் துல்லியமாக அழுத்தினால் சேதமே இருக்காது. ஆனால் அதற்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. முதலில் ஏ பட்டன் கைக்குப் பழகட்டும். அப்புறம் பி. முள் தலை எதிரி மேல் மட்டும் குதிக்காதீர்கள், சுத்தியலை எடுங்கள்.