மின்வெட்டு முடிந்ததும் 'ஆஃப்லைன்' ஆகாத பிரின்டர்: வீட்டு நெட்வொர்க்கில் சேர்க்கும் முறை

பிரின்டரை வைஃபையில் சேர்ப்பது கடினமில்லை. சேர்த்த பிரின்டர் அடுத்த லோட்ஷெடிங் (முறைவைத்து வரும் மின்வெட்டு) முடிந்த பிறகும் கண்ணுக்குத் தெரிய வேண்டும், அதுதான் கடினம். டர்பனிலும் ஜோஹானஸ்பர்க்கிலும் கோயில் காவடி அறிவிப்போ தமிழ் வகுப்புப் பயிற்சித் தாளோ அவசரமாக வேண்டும் என்னும்போது 'ஆஃப்லைன்' என்று காட்டும் பிரின்டர்களில் பெரும்பாலானவை பழுதானவையே அல்ல. மின்சாரம் போய் வந்ததில் அவற்றின் நெட்வொர்க் முகவரி மாறியிருக்கிறது, கணினி பழைய முகவரியிலேயே தேடுகிறது. இணைக்கும் அன்றே முகவரியை நிலைப்படுத்திவிட்டால் இந்தத் தொல்லை வராது.

முதலில் பிரின்டரின் பின்புறத்தைப் பாருங்கள். உள்ளே எட்டு மெல்லிய பொன்னிறக் கம்பிகள் தெரியும் அகலமான துளை இருந்தால், யோசிக்காமல் கேபிளே போடுங்கள். ஃபேக்ஸ் வசதியுள்ள பிரின்டர்களில் அதே போன்ற குறுகிய துளை ஒன்றும் இருக்கும், அது டெலிபோனுக்கானது. கேட் 5இ அல்லது கேட் 6 கேபிள் போதும், 100 மீட்டர் வரை தாங்கும். மறுமுனையை ரவுட்டரின் 'லான்' (LAN) துளைகளில் ஒன்றில் செருகுங்கள். ஃபைபர் வீடுகளில் இங்கேதான் தவறு நடக்கிறது: சுவரில் ஃபைபர் கம்பெனி மாட்டிய பெட்டியிலும் இதே துளைகள் இருப்பதால் அங்கே செருகிவிடுகிறார்கள். அந்தப் பெட்டி இணையத்தை ரவுட்டருக்குக் கொடுப்பதற்கு மட்டும். ரவுட்டரில் தனி நிறத்தில் 'வான்' (WAN) என்று எழுதியிருக்கும் துளையும் வேண்டாம். கேபிள் செருகியும் துளையருகே விளக்கு எரியாவிட்டால், பிரின்டர் மெனுவில் 'வயர்டு லான்' தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறதா பாருங்கள்; பல மாடல்களில் வயரும் வைஃபையும் ஒரே நேரத்தில் இயங்காது.

பிரின்டர் அவுட்பில்டிங்கில் (முற்றத்துக்கு அப்பால் உள்ள தனிக் கட்டடத்தில்) இருந்தால் முற்றத்தைத் தாண்டி செம்புக் கேபிள் இழுக்காதீர்கள். கோடைகால இடிமழையில் அருகே மின்னல் விழுந்தால் அந்தக் கேபிள் வழியாகவே ரவுட்டர், பிரின்டர் இரண்டும் போய்விடலாம். அங்கே வைஃபைதான் சரி.

வைஃபையில் சேர்க்கும்போது தடுக்கும் முதல் காரணம் அலைவரிசை. விலை குறைந்த வீட்டுப் பிரின்டர்களில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே அறியும். ரவுட்டரோ 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் ஒலிபரப்புகிறது. போன் 5-ல் நிற்க, பிரின்டர் ஆப் தேடிக்கொண்டே இருக்கும். ரவுட்டர் அமைப்பில் 5-ஐச் சற்று நேரம் நிறுத்திவிட்டு பிரின்டரைச் சேர்த்து, பிறகு திரும்பப் போடுங்கள். அதன்பின் போன் 5-ல் இருந்தாலும் அச்சிடலாம். பாதுகாப்பு முறை 'டபிள்யூபிஏ3' மட்டும் என்றிருந்தால் பழைய பிரின்டர் நுழையாது. டபிள்யூபிஏ2-வும் சேர்ந்த கலப்பு முறைக்கு மாற்றுங்கள். 'கெஸ்ட்' வைஃபையில் ஒருபோதும் சேர்க்காதீர்கள். அதில் உள்ள கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி ரவுட்டர் பிரித்து வைக்கும்.

இனி முகவரி. பிரின்டர் மெனுவிலிருந்து 'நெட்வொர்க் கான்ஃபிகரேஷன்' பக்கத்தை அச்சிடுங்கள். அதில் உள்ள ஐபி முகவரிதான் முன்பு சொன்ன நெட்வொர்க் முகவரி; அது 192.168 என்று தொடங்கினால் பெரும்பாலும் நல்லது. 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் முகவரி தரவில்லை, பிரின்டர் தானே ஒன்றை வைத்துக்கொண்டது. ரவுட்டர் முழுமையாக எழுவதற்கு முன் பிரின்டர் எழுந்தாலும் இப்படி ஆகும். அதே தாளில் எழுத்தும் எண்ணும் கலந்து 12 குறிகள் கொண்ட 'மேக்' முகவரி இருக்கும், அது கருவியின் சொந்த அடையாள எண். ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் 'டிஎச்சிபி ரிசர்வேஷன்' அல்லது 'அட்ரஸ் ரிசர்வேஷன்' என்ற இடத்தில் அந்த மேக் முகவரிக்கு ஒரு ஐபியை, உதாரணமாக 192.168.1.50, ஒதுக்குங்கள். முதல் மூன்று எண்கள் உங்கள் ரவுட்டருடைய எண்களாகவே இருக்க வேண்டும். வயருக்கும் வைஃபைக்கும் மேக் முகவரி வெவ்வேறு. பயன்படுத்தும் வழிக்குரியதை எழுதுங்கள். ரவுட்டரில் ஒதுக்காமல் பிரின்டரிலேயே எண்ணைத் தட்டிவிடுவது எளிதாகத் தோன்றும், ஆனால் அதே எண்ணை ரவுட்டர் ஒரு நாள் வேறு போனுக்குக் கொடுத்துவிட்டால் இரண்டும் மோதும்.

பிரின்டரை அணைத்துப் போட்டு, தாளை மறுபடி அச்சிட்டு, புதிய எண் வந்திருக்கிறதா பார்த்த பிறகே கணினிக்குப் போங்கள். விண்டோஸ் 11 தானாகக் கண்டுபிடிக்கும் பிரின்டரை அப்படியே ஏற்காதீர்கள். அது பல நேரங்களில் 'டபிள்யூஎஸ்டி' என்ற தானியங்கித் தேடல் வழியில் சேர்க்கும், நாம் ஒதுக்கிய எண்ணைப் பிடித்துக்கொள்ளாது. செட்டிங்ஸ், புளூடூத் அண்ட் டிவைசஸ், பிரின்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ் போய், 'ஆட் டிவைஸ்' அழுத்திச் சில விநாடி காத்திருந்தால் கைமுறையாகச் சேர்க்கும் வழி தோன்றும். அதில் ஐபி முகவரி மூலம் என்பதைத் தேர்ந்து, 'டிசிபி/ஐபி டிவைஸ்' என்று வைத்து, எண்ணைக் கொடுங்கள். ஆப்பிளின் மேக் கணினியிலும் ஐபி மூலம் சேர்க்கலாம். போனுக்கு இது எதுவும் வேண்டாம். ஒரே நெட்வொர்க்கில் இருந்தாலே போதும்.

ஃபைபர் போகும்போது உதவ மொபைல் சிக்னலில் இயங்கும் எல்டிஇ ரவுட்டர் ஒன்றும் வைத்திருக்கும் வீடுகளில் போன் அதற்குத் தாவியதும் பிரின்டர் மறைந்துவிடும். வீட்டுக்குள் அச்சிட இணையம் தேவையே இல்லை. பிரின்டர் இருக்கும் வைஃபைக்கே போனைத் திருப்புங்கள். 'இன்டர்நெட் இல்லை' என்று போன் கேட்டால், இணைப்பிலேயே இருக்கும்படி சொல்லுங்கள்.

மின்வெட்டு நேரம் முன்பே தெரிந்தால் பிரின்டரை அதன் சொந்தப் பொத்தானால் அணையுங்கள். சுவர் சுவிட்சால் அணைத்தால் இங்க்ஜெட்டின் மை தெளிக்கும் தலை மூடிக்குள் போகாமல் நின்று, மை உலர்ந்து அடைக்கலாம். மின்சாரம் வந்த பின் சுவர்ப் பெட்டி, ரவுட்டர், கடைசியில் பிரின்டர் என்ற வரிசையில் போடுங்கள். ரவுட்டருக்கு வாங்கிய சிறு யூபிஎஸ்ஸில் லேசர் பிரின்டரை மாட்டக் கூடாது. அதன் சூடேற்றும் உருளை பல நூறு வாட் இழுக்கும்.

இத்தனைக்குப் பிறகும் அச்சு வரவில்லையானால், கணினியின் பிரவுசரில் பிரின்டரின் ஐபி எண்ணைத் தட்டுங்கள். பிரின்டரின் சொந்தப் பக்கம் திறந்தால் நெட்வொர்க் சரி. சிக்கல் டிரைவரில் (கணினியில் பிரின்டரை இயக்கும் மென்பொருள்) அல்லது அச்சு வரிசையில் முடங்கிய பழைய கோப்பில். வரிசையைக் காலி செய்து மறுபடி அனுப்புங்கள். பக்கம் திறக்காவிட்டால் கணினியைத் தொடாதீர்கள். நெட்வொர்க் தாளை மறுபடி அச்சிட்டு, அதிலுள்ள எண்ணை நீங்கள் ஒதுக்கிய எண்ணோடு ஒப்பிடுங்கள்.