ஸ்கைவர்ட் ஸ்வோர்டில் வாள் சொன்னபடி கேட்க

நின்டெண்டோ ஸ்விட்சில் 'ஸெல்டா: ஸ்கைவர்ட் ஸ்வோர்ட் ஹெச்டி' ஆட ஆரம்பித்த முதல் வாரம் நான் செய்ததற்குப் பெயர் வாள் சண்டை இல்லை, ஈ ஓட்டுவது. கண்டபடி வீசுவேன், எதிரி நிம்மதியாகத் தடுத்துக்கொண்டே நிற்பான், கடைசியில் தோள்பட்டை வலிதான் மிச்சம். கேமைத் திட்டினேன். தப்பு என் கையில்தான் இருந்தது.

2006-ல் வந்த நின்டெண்டோவின் வீ கன்சோலுக்கான ரிமோட்டில் கை அசைவை உணர வெறும் முடுக்கமானிதான் (வேகம் மாறுவதை உணரும் சென்சார்), அதனால் பல கேம்களில் எப்படி உதறினாலும் ஒரு வெட்டாகிவிடும். 2009-ல் மோஷன்பிளஸ் என்ற துணைக்கருவியில் கைரோ (திரும்புவதை அளக்கும் சென்சார்) வந்தது, 2011-ல் இந்த கேமின் முதல் வடிவம் அது இல்லாமல் ஓடவே ஓடாது. ஸ்விட்சின் கைக் கன்ட்ரோலரான ஜாய்-கானிலும் கைரோ உண்டு. அதாவது, மணிக்கட்டு எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை கேம் கவனிக்கிறது. எவ்வளவு ஆவேசமாக வீசினீர்கள் என்பதில் அதற்கு அக்கறை இல்லை.

ஆனால் கைரோவுக்கு டிவி எங்கே இருக்கிறது என்று தெரியாது. எவ்வளவு திரும்பினோம் என்பதைக் கூட்டிக் கூட்டித்தான் கணக்குப் போடும், அதில் சின்னச் சின்னப் பிழை சேர்ந்து வாள் கோணலாகிவிடும். ஜாய்-கானை நேராக டிவியை நோக்கிப் பிடித்து ஒய் பட்டனை அழுத்துங்கள், சரியாகிவிடும். ஒவ்வொரு சண்டைக்கு முன்பும் அழுத்தினாலும் நஷ்டமில்லை.

இப்போது முக்கியமான விஷயம். இடமிருந்து வலமாக வெட்ட நினைத்தால் நாம் இயல்பாகவே முதலில் கையை இடப்பக்கம் வெடுக்கென்று இழுப்போம், கேம் அந்த இழுப்பையே வெட்டு என்று எடுத்துக்கொள்ளும். நீங்கள் நினைத்ததற்கு நேர் எதிரான வெட்டு விழுவது இதனால்தான். எனவே மெதுவாகக் கொண்டுபோங்கள், அரை நொடி நிறுத்துங்கள், அப்புறம் மணிக்கட்டால் சட்டென்று ஒரு சுண்டு. வெட்டி முடித்ததும் அவசரமாகத் திரும்ப இழுக்காதீர்கள், அதுவும் ஒரு வெட்டாகிவிடும். குத்துதான் ரொம்பப் படுத்தும்: முன்னால் தள்ளும்போது மணிக்கட்டு மேலே தூக்கிக்கொள்ளும். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துத் தள்ளிப் பாருங்கள்.

பழகுவதற்கு, கேமில் கடிக்க வரும் டெக்கு பாபா செடிகளை விட நல்ல ஆசிரியர் கிடையாது. வாய் படுக்கையாகத் திறந்தால் படுக்கை வெட்டு, செங்குத்தாகத் திறந்தால் மேலிருந்து கீழே. போகோப்ளின் என்ற எதிரிகள் ஆயுதத்தைப் பிடித்திருக்கும் பக்கத்தை விட்டுவிட்டுக் காலியாக இருக்கும் பக்கத்தில் வெட்ட வேண்டும். கிராஹிம் என்ற வில்லன் வேறு ரகம், உங்கள் வாளை விரலாலேயே பிடித்துவிடுவான். அவன் கை உங்கள் வாளைப் பின்தொடரும், அதனால் ஒரு பக்கம் காட்டி ஏமாற்றி, சட்டென்று மறுபக்கத்திலிருந்து வெட்டுங்கள்.

கேடயத்துக்கு இடது ஜாய்-கானை முன்னால் தள்ள வேண்டும். அடி விழும் நொடியில் சரியாகத் தள்ளினால் கேடயம் தேயாது, சும்மா பிடித்துக்கொண்டே நின்றால் சீக்கிரம் உடையும்.

வானத்தை நோக்கி வாளை உயர்த்தும் வித்தைக்குக் கையை முழுதாகத் தூக்க வேண்டாம், ஜாய்-கானின் முனை மேலே பார்த்தால் போதும். சீலிங் ஃபேன் ஓடுகிற வீடு என்றால் இதை மறக்கவே கூடாது, கைப்பட்டையையும் மாட்டிக்கொள்ளுங்கள்.